டெலிவிஷனுக்குப் போன துரைசானி

எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் துரைசானி. நிஜப் பெயர் ஒன்று இருந்தது. சுவரொட்டிகளில் பெரிய இங்கிலீஷ் எழுத்துகளில் போட்டிருப்பார்கள். அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்தாலும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. வெள்ளைக்கார நடிகைகள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். துரைசானி என்றால் எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

அம்மா அவளைக் கண்டுபிடித்தது கல்யாணத்துக்கு முன்னால், திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில். கூட வேலை செய்த பெண்களோடு ஒரு சனிக்கிழமை பிராட்வே பக்கம் போயிருக்கிறாள். அங்கே இங்கிலீஷ் படம் மட்டுமே போடும் சின்னத் தியேட்டர் ஒன்று உண்டு. அந்தப் படத்தில் துரைசானி கதாநாயகி இல்லை. ஒரு பெரிய வீட்டில் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரி. கதவைத் திறந்தாள், மூடினாள், நடுவில் ஒரு முறை சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்ததும் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து மூக்கைச் சிந்தினாள். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"சினிமாவுல எல்லாப் பொம்பளையும்தான் அழுவுறாங்க. எவளாச்சும் மூக்க சிந்துனாளா? இவதான் மெய்யாலுமே அழுவுறா. பெரிய ஆளா வருவா பாரு" என்று அன்றைக்கே சொன்னாளாம்.

அப்படியே நடந்தது. அடுத்து ஒரு படத்தில் கதாநாயகியின் தங்கை. அதற்கப்புறம் யுத்தத்தில் நர்ஸ். நான் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் படி ஏறத் தொடங்கிய காலத்தில் துரைசானி கதாநாயகி ஆகிவிட்டிருந்தாள். சுவரொட்டியில் அவள் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. தன் சொந்தத் தங்கைக்கு உத்தியோகம் உயர்ந்த மாதிரி அம்மா அதைக் குழாயடியில் சொல்லிக்கொண்டிருப்பாள். ராயபுரத்தில் எங்கள் சந்துப் பெண்கள் யாரும் இங்கிலீஷ் படம் பார்த்ததில்லை. ஆனாலும் தண்ணீர் பிடித்தபடியே "இன்னாடி, உன் துரைசானி எப்டி கீறா?" என்று விசாரிப்பார்கள்.

நைனாவுக்கு சினிமா ஆகாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். காலையில் ஏணியில் ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டுச் சங்கு ஊதும்போதுதான் இறங்குவார். மேலே பேசுவதற்கு யாரும் கிடையாது. கீழேயிருந்து ஒருவன் கையை அசைப்பான், அதுதான் பாஷை. "உங்க நைனா பேச்சையெல்லாம் கிரேன்லயே வெச்சிட்டு வந்துர்றாரு" என்பாள் அம்மா. அதற்கும் நைனா ஒன்றும் சொல்லமாட்டார்.

அம்மாவுக்கு இருமல் வந்தது ஒரு வருஷத்து மழைக்காலத்தில். ஜல்பு என்றார்கள், கஷாயம் வைத்தார்கள். ஒரு நாள் முந்தானையில் ரத்தம் பட்டது. தாம்பரத்துப் பக்கம் காசநோய்க்காரர்களுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. நைனா அங்கே அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று என்னை அழைத்துப் போகவில்லை.

அதற்கப்புறம் எங்கள் சந்து மாறிப்போனது. யாரும் எங்களை ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. எங்கள் வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடும் பெண்கள் மட்டும் சந்தின் அந்தக் கோடியில் கட்டம் போட ஆரம்பித்தார்கள். நான் போய் நின்றால் ஆட்டம் முடிந்துவிட்டது என்பார்கள். திரும்பி வீட்டுக்குள் வந்த பிறகு சில்லு விழும் சத்தம் கேட்கும். குழாயடியில் எனக்கு வரிசையே இல்லாமல் முதலில் குடத்தை நிரப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். அதை நான் கொஞ்ச நாள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா விடிந்ததும் சோறு வடித்து வைத்துவிட்டு பீச் ஸ்டேஷனுக்கு நடந்துபோய்த் தாம்பரம் ரயில் பிடிப்பார். விளக்கு வைக்கும் நேரம்தான் திரும்புவார். அன்று முழுக்க நானும் வீடும்தான். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் யாரோ என்னைக் கூப்பிட்டது போல எழுந்து நிற்பேன்.

"அம்மா எப்டி கீது?" என்று கேட்பேன்.

"கீது" என்பார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றாமலே நின்று, "துரைசானி படம் ஏதாச்சும் வந்துகீதா?" என்று கேட்டார். அம்மா கேட்டிருக்கிறாள். பார்க்கும் நேரம் முழுவதும் இவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தால், பாவம், அவளும் வேறு எதைத்தான் கேட்பாள்?

வந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை நைனாவுக்கு அரை நாள் வேலை. என்னைக் கூட்டிக்கொண்டு பிராட்வே போனார். தியேட்டர் இருட்டில், கிரேனில் உட்காருவது போலவே முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்து படம் பார்த்தார். வெளியே வந்ததும் கேட்டார்.

"அவ ஏன் அந்தக் கோட்டுக்காரன அறஞ்சா?"

"அவன்தான் நைனா அவ தம்பிய ஜெயிலுக்கு அனுப்புனான்."

"அவன் போலீஸ்காரன் இல்ல?"

"இல்ல நைனா. வக்கீலு."

எனக்கும் இங்கிலீஷ் புரியாது. ஆனால் துரைசானியின் முகம் எனக்குப் பழக்கம், அதை வைத்துக் கதையைச் சொல்லிவிடுவேன். ராயபுரம் வரும்வரை நைனா பாடம் ஒப்பிப்பது போல அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். தப்பாகச் சொன்னால் திருத்துவேன். மறுநாள் அந்தக் கதை ரயிலேறி அம்மாவிடம் போகும். நான் போக முடியாத இடத்துக்கு நான் சொன்ன கதை போயிற்று. அந்தச் சில சனிக்கிழமைகளில் நான் தனியாக இருப்பதாகவே தோன்றவில்லை.

பிறகு துரைசானி வருவது நின்றுபோனது. சனிக்கிழமைதோறும் தியேட்டர் வாசலுக்குப் போய்ச் சுவரொட்டியைப் பார்ப்போம். வேறு வேறு முகங்கள். நைனா அந்த முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போலாம் பாப்பா" என்பார். மழை போய் வெயில் வந்தது. அப்புறம் நாங்கள் பிராட்வேக்குப் போவதையும் நிறுத்திவிட்டோம்.

நைனாவின் தங்கை, என் அத்தை, திருவொற்றியூரில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் நைனாவோடு அம்மாவைப் பார்க்கப் போனாள். அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்.

"எங்க அண்ணனா அதுன்னு ஆயிப்போச்சுடி. வாயத் தொறந்தா மூடல. பெல்லு அடிச்சி எல்லாரையும் வெளிய போவச் சொல்றாங்க, இது இன்னும் சொல்லிக்கினே கீது."

"இன்னா சொன்னாரு?"

"சினிமா கததான். துரைசானி நடிச்ச படமாமே, புதுசா வந்துகீதாம். அவ மல மேல ஒரு ஆஸ்பத்திரில கீறாளாம். புருசன் ஒண்டியா கடலோரத்துல கீறானாம். போன வாரம் பாதி, இந்த வாரம் பாதியாம். உங்கம்மா கண்ண எடுக்காம கேட்டுக்கினு கீறா."

எனக்குத் தலை சூடாகிவிட்டது. துரைசானி படம் வந்திருக்கிறது. நைனா என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். வக்கீல் யார், போலீஸ்காரன் யார் என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன். இப்போது தானாகப் புரிந்துகொள்கிற அளவுக்கு வந்துவிட்டார், இனி நான் எதற்கு? அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நைனா காரணம் கேட்டார். பசியில்லை என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலுக்குப் போனதும் நான் கதவைச் சாத்திவிட்டு பிராட்வேக்கு நடந்தேன். தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. தியேட்டரில் துப்பாக்கியும் குதிரையுமாக வேறு ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் டிக்கெட் கிழிப்பவர் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவோடு வந்த நாளிலிருந்து எங்களைத் தெரியும் அவருக்கு.

"இன்னா பாப்பா, ஒண்டியா வந்துகீற? அம்மா எங்க?"

"ஊருக்குப் போயிருக்கு" என்றேன். அந்த நோயின் பெயரைச் சொன்னால் இவரும் தள்ளி உட்காருவாரோ என்று பயம். "துரைசானி படம் எடுத்துட்டீங்களா?"

"அது எங்க வந்துச்சு எடுக்கறதுக்கு? அந்தம்மா சினிமாவ வுட்டே போய்ட்சாம். நம்ம ஆபரேட்டரு தம்பி லண்டன்ல கீறான், அவன் சொன்னானாம். இப்ப டெலிவிஷன்ல நடிக்கிதாம்."

"அப்டின்னா?"

"ரேடியோ பொட்டி கீதே, அது மாதிரி ஒரு பொட்டி. அதுல மூஞ்சி தெரியும். அந்த ஊர்க்காரங்க அவங்கவங்க வூட்ல உக்காந்துகினே பாப்பாங்களாம். வாராவாரம் வர்தாம் அந்தம்மா."

"இங்க எப்ப வரும்?"

அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். "உங்க வூட்ல கரண்டு கீதா?"

"இல்ல."

"மொதல்ல அது வரட்டும்" என்றார்.

கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பி நடந்தேன். துரைசானி சாகவில்லை, கிழவியாகவில்லை. ஏதோ ஒரு ஊரில், யார் யாரோ வீட்டுக்குள், வாராவாரம் வந்துகொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரமாட்டாள். அவள் செத்துப்போயிருந்தால்கூட எனக்கு அத்தனை அழுகை வந்திருக்காது என்று தோன்றியது. பாதி வழி வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. படமே வரவில்லை என்றால் நைனா சொல்லிக்கொண்டிருப்பது எந்தப் படம்?

நைனாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால், பொய் சொன்னேன் என்று அவர் ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்று பயம். அப்புறம் நான் என்ன செய்வது? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

புது ஊசி ஒன்று வந்து அம்மாவுக்கு உடம்பு தேறத் தொடங்கியது. குழந்தைகள் வராந்தாவுக்கு வெளியே மரத்தடியில் நின்று பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நைனா எனக்குப் புதுப் பாவாடை வாங்கிக் கட்டிவிட்டுக் கூட்டிப்போனார். அம்மா வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாலும் முட்டையும் சாப்பிட்டுக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். துரைசானி படங்களில் நோயாளிகள் மெலிந்து அழகாக இருப்பார்கள். அதனால் எனக்கு முதலில் சற்று ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் மரத்தைக் கட்டிக்கொண்டேன். அவளைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அதையும் இதையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள், "துரைசானி படம் வந்துச்சாமே. நைனா சொன்னாரு. நீயும் பாத்தியா?"

நைனா என் பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதோரத்தில் வியர்வை இறங்கியது.

"பாத்தேன்மா" என்றேன்.

"அவ புருசனா வர்றானே, அவன் இன்னா வேல செய்றான்? மறந்துட்டேன்."

அத்தை அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்.

"கிரேன் ஓட்டறாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நைனாவைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி மறுபடி சிரிப்பாகியது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நைனா லைட்ஹவுஸ்னு சொன்னாரு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பரவால்ல. ரெண்டும் ஒசரத்துலதான் கீது."

தப்பித்தோம் என்று நினைத்தேன். ரயிலில் திரும்பும்போது நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பீச் ஸ்டேஷன் வரை விடவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். குழாயடியில் மெல்ல மெல்ல வரிசை வந்தது. பாண்டிக் கட்டம் எங்கள் வாசலுக்கு வர இன்னும் நாளாயிற்று. எனக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அம்மா தெம்பானதும் சினிமாவுக்குப் போகலாம் என்பாள். அந்த லைட்ஹவுஸ் படத்தைக் காட்டு என்பாள். நைனா என்ன செய்வார்? வீட்டில் அவர் பழையபடி வாயைத் திறக்காதவராகிவிட்டிருந்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை அம்மா கேட்டேவிட்டாள்.

"சினிமாவுக்குப் போயி எவ்ளோ நாளாச்சு. மேட்னி போலாமா?"

நைனா கையிலிருந்த டீ டம்ளர் அப்படியே நின்றது.

"பிராட்வே வேணாம்" என்றாள் அம்மா. "வண்ணாரப்பேட்டைல தமிழ் படம் ஓடுது. அதுக்கே போலாம்."

நைனாவுக்கு உயிர் வந்தது. எனக்கோ கோபம் வந்தது. இவள்தானே துரைசானியைக் கண்டுபிடித்தவள்? ஒரு வருஷம் படுக்கையில் இருந்துவிட்டு வந்ததும் அலுத்துவிட்டாளா? எந்தப் படத்தில் நடிக்கிறாள், எங்கே போனாள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே. டெலிவிஷன் என்று ஒன்று இருப்பதை நான் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை. இந்த ராயபுரத்தில் துரைசானிக்கு இனிமேல் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பேருமாகப் போய் அந்தத் தமிழ்ப் படத்தைப் பார்த்தோம். கதாநாயகி நிறைய அழுதாள். மூக்கைச் சிந்தவில்லை. வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கல்மண்டபம் தாண்டும்போது அம்மா நைனா பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில சொன்னியே ஒரு படம். கடசி வாரம் பெல்லு அடிச்சிட்டாங்க. மீதிய நீ சொல்லவே இல்ல."

நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவன் அப்பால கீழ எறங்கி வந்தான்" என்று ஆரம்பித்தார்.

வராத ஒரு படத்துக்கு இந்த மனிதர் இன்னும் எவ்வளவு தூரம் கதை சொல்லிக்கொண்டே போவார்? அம்மாவோ ஒவ்வொரு வரிக்கும் "உம்" கொட்டிக்கொண்டு வந்தாள். அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு, அந்தப் பொய் காதில் விழாத தூரத்துக்கு நான் மட்டும் வேகமாக முன்னால் நடந்தேன்.