சூடானால் நின்றுவிடும் வண்டிகள்

பழைய காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் தேடிக் கொடுக்கிறவனுக்கு, வண்டி ஓடுகிற வரைக்கும் போன் வராது. நின்றால்தான் வரும். நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போட்டு முப்பது வருஷம் ஆகிறது. என் போன் அடித்தால் என் மனைவி யார் என்று கேட்க மாட்டாள். "எங்க நின்னுதாம்?" என்றுதான் கேட்பாள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் வருவதும் நிற்பதும் பாயிண்ட் என்கிற ஒரு சின்னச் சாமானின் கையில் இருந்தது. அது தேயும், கரி பிடிக்கும், அடிக்கடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவில் ஒரு மாட்யூல் வந்தது. நல்லதாக அமைந்தால் ஆயுசுக்கும் போதும். அமைவதுதான் கஷ்டம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், மேலே படியுங்கள்.

கறுப்புத் தாருக்குள்

சென்னையில் பழைய சாமான் விற்கும் சந்தில் ஒரு கடையில் மூன்று மாட்யூல் வாங்கினேன். ஒரே டப்பா, ஒரே பெயர், மேலே மினுமினுக்கும் ஸ்டிக்கர். மூன்றும் மூன்று வண்டியில் ஒரு மாதத்துக்குள் செத்தன. உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஆக்சா பிளேடால் அறுத்தேன். தார் மாதிரி இறுகிய கறுப்புப் பசைக்குள் மூன்றிலும் வேறு வேறு சரக்கு. மூன்றாவதில் பாதிக்கு மேல் ஆற்று மணல்.

அடுத்த வாரம் பஸ் ஏறிப் போய், அறுத்த மூன்றையும் கடைக்காரர் மேஜைமேல் வைத்தேன். சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். அவரும் எவனிடமோ ஏமாந்தவர் என்று முகம் சொன்னது. "அண்ணே, டப்பாவுக்கு நான் கேரண்டி. உள்ள இருக்கறதுக்கு ஆண்டவன்தான்."

ஸ்டெல்லா டீச்சரின் ஹெரால்டு

ஸ்டெல்லா டீச்சர் எனக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவர். ரிட்டயர் ஆகி வடலூர் ரோட்டில் தனியாக இருக்கிறார். அவருடைய அப்பா வாங்கிய ஹெரால்டு காரை இன்னமும் அவரே ஓட்டுவார். அதில் நான்தான் மாட்யூல் மாட்டினேன். "இனிமே தொந்தரவே இருக்காது டீச்சர்" என்று சொல்லியும் அனுப்பினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு கசக்கும்.

சேத்தியாத்தோப்பில் இருந்த அவர் தம்பி அந்தோணிக்கு உடம்பு மிகவும் முடியாமல் போய்விட்டது. டாக்டர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் காலை பத்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. எனக்குப் போன் செய்தார். மாட்யூல் சூடாகியிருக்கிறது, ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் விடுங்கள், மறுபடி எடுக்கும் என்று சொல்லிவிட்டு நான் பைக்கில் கிளம்பினேன். நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி எடுத்துவிட்டது, அவரும் போய்விட்டார். ஆனால் அவர் தம்பி வீட்டு வாசலில் இறங்கும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதாம். தம்பி போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

பத்து நாள் கழித்து டீச்சர் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். அதைக் கழற்றிவிட்டுப் பழைய பாயிண்டையே மாட்டச் சொன்னார். வேலை முடிகிற வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நடுரோட்டில் நின்ற நேரத்தில் ரெண்டு பஸ்ஸாவது போயிருக்குமே, கை காட்டியிருக்கலாமே என்று என் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. "அப்பா காரை ஒருவாட்டி எடுத்துட்டு வாக்கான்னு கேட்டான் அந்தோணி. என்னை மட்டும் வரச் சொல்லியிருந்தா நான் பஸ்ஸுலயே போயிருப்பேன்."

ரோடு முடிகிற இடம்

கம்மாபுரம் பக்கத்து விவசாயி கலியபெருமாள் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருந்தார். அவருடைய நிலமும் வீடும் மைன்ஸுக்கு எடுத்த இடத்தில் போய்விட்டன. இப்போது குடியிருப்பது வேறு ஊரில். ஒருநாள் மத்தியானம் போன் செய்து, வண்டி நின்றுவிட்டது, வழி சொல்கிறேன் வாங்க என்றார். அவர் சொன்ன வழியில் போனால் தார் ரோடு ஒரு முள்வேலியில் போய் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சுரங்கம். கண்ணுக்கு எட்டிய வரை பள்ளம்.

வழக்கமான வியாதிதான். மாட்யூலைத் தொட்டால் கை பொரியும் சூடு. தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டுவிட்டு ஆறட்டும் என்று நின்றோம். "இந்தப் பக்கம் என்னா வேலைங்க?" என்று கேட்டேன். "வேலைலாம் ஒண்ணுமில்லிங்க. மாசத்துல ஒருவாட்டி வந்து பாத்துக்கினு போவேன்" என்றார். பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் மண் வெட்டும் ராட்சச மிஷின் பொம்மை மாதிரி தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பள்ளத்துக்கு மேலே, வெறும் வெட்டவெளியில் ஒரு இடத்தைக் கையை நீட்டிக் காட்டினார். "மண்ணைத்தான் எடுத்துட்டாங்க. அதோ அந்தக் காத்துல இருக்குது பாருங்க, அங்கதான் எங்க வூடு."

ஆறு மட்டும்

இந்த இரண்டு சம்பவத்துக்குப் பிறகு எனக்குத் தொழிலே வெறுத்துப் போனது. அப்போதுதான் ஒருவர் ரகுநாதன் சாரைப் பற்றிச் சொன்னார். தெர்மல் பவர் ஸ்டேஷனில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்து ரிட்டயர் ஆகப்போகிறவர். குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் மேஜை போட்டு எதையாவது பிரித்துக்கொண்டே இருப்பவர். செத்துப்போன மாட்யூல்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டர் அடித்தகட்டோடு ஒட்டவே இல்லை, சூடு வெளியே போக வழியில்லாமல் வெந்திருக்கிறது என்றார்.

அவரே ஒன்று செய்து கொடுத்தார். கனமான அலுமினியத் தகடு, அதில் டிரான்சிஸ்டரை அழுத்திப் பிடிக்கும் ஸ்குரூ, நடுவில் சூடு கடத்தும் பசை. அதை ஒரு அம்பாசடரில் மாட்டி, சித்திரை வெயிலில் மத்தியானம் பூராவும் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். நிற்கவில்லை. சந்தோஷத்தில் நேராக அவர் வீட்டுக்குப் போய், சார், இருபது செய்து கொடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அறைக்குள் பாதிச் சாமான் ஏற்கெனவே அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தது. மகன் வீட்டுக்குப் போகிறார்களாம், பெங்களூரில் ஏழாவது மாடி. "ஆறு செஞ்சு தரேன். அதுக்கு மேல கேக்காதீங்க, முப்பதாம் தேதி குவார்ட்டர்ஸ் காலி பண்றேன். போற இடத்துல எனக்கு மேஜை போட இடம் இல்ல."

மகன் வண்டி

அந்த ஆறையும் நான் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தேன். ஐந்து வெவ்வேறு வண்டிகளுக்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்று. அந்தச் சமயம் மந்தாரக்குப்பம் பக்கத்திலிருந்து முருகையன் என்பவர் வந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவருடைய ஒரே மகன் வேலுவும் கான்ட்ராக்ட்டில்தான் இருந்தான். ஆசைப்பட்டு ஒரு பழைய பத்மினி கார் வாங்கி, லீவு நாளில் கல்யாணங்களுக்கு ஓட்டுவான். மஞ்சள்காமாலையில் பத்தே நாளில் போய்விட்டான். முருகையனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. விற்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஓட வேணாம் சார். ஸ்டார்ட் ஆனா போதும்" என்றார். அவர் மனைவி அஞ்சலை இரண்டு மாதமாக உள்ளறையை விட்டு வெளியே வரவில்லையாம். யாரிடமும் பேச்சில்லை, சோறு வைத்தால் இரண்டு வாய். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் ஒருவேளை எழுந்து வருவாள் என்று அந்த மனிதருக்கு ஒரு நம்பிக்கை. தப்பு, இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சாயங்காலமே போனேன்.

பாயிண்ட் சுத்தமாகத் தேய்ந்திருந்தது. இந்த வீட்டில் மறுபடி ஏமாற்றம் கூடாது என்று கடைசி மாட்யூலை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. பட்டுப் போல ஓடியது, ஒரு விக்கல் கிடையாது. முருகையன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அந்த அம்மா வந்தது. தலை வாராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சத்தத்தைக் கேட்டது. "இது அவன் வண்டி இல்லிங்க. அவன் வண்டி இருமும்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பியது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. இன்ஜினை நிறுத்தினேன். மாட்யூலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கழற்றி வைத்த அதே தேய்ந்த பாயிண்டை லேசாகத் தேய்த்து மறுபடி மாட்டினேன். நாலைந்து தடவை மக்கர் செய்து, அப்புறம் பிடித்தது. இருமியது, குலுங்கியது, நிற்கப் போவது போல் இழுத்து இழுத்து ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா வந்து, படியிறங்கி, பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றது. இன்ஜின் அதிர்வில் வளையல்கள் ஆடின. வெகுநேரம் கழித்துத்தான் அழுதது. முருகையன் பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை. அழுகை அடங்கியதும் என்னைப் பார்த்து, நான் கேட்காமலே சொன்னது. "இந்தச் சத்தம் தெருமொனையில கேட்டாத்தாங்க நான் தோசக்கல்ல அடுப்புல வெப்பேன்."

முப்பது வருஷத் தொழிலில் நான் செய்து, புகார் என்று ஒரு போன்கூடத் திரும்பி வராத ஒரே வேலை, நல்ல மாட்யூலைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த பாயிண்டை மாட்டியதுதான்.