பிறந்தநாளுக்குக் குறுக்கே ஒரு பனியாறு

என் பிறந்தநாள் செப்டம்பரில் வருகிறது. அது என் தப்பில்லை என்று அம்மாவிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பனியாற்றின் தப்பும் இல்லை என்பாள் அவள்.

நாங்கள் அப்போது பிளசன்டன் என்ற அமெரிக்க ஊரில் இருந்தோம். என் தோழிகளின் அம்மாக்கள் காலையில் ஃப்ரீவேயில் ஏறி ஆபீஸ் போவார்கள், சாயங்காலம் வந்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் அம்மா மட்டும், ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இருக்கும் பிரனீஸ் மலைக்குப் போய், அங்கே ஒரு பனியாற்றில் துளை போட்டுக் கம்புகளை நட்டுவிட்டு வருவாள். மறு வருடம் போய், பனி எவ்வளவு உருகியிருக்கிறது, கம்புகளைச் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளப்பாள். கோடை முடிந்திருக்க வேண்டும், புதுப்பனி விழுந்திருக்கக் கூடாது. அதற்குச் செப்டம்பரை விட்டால் வேறு மாதமே கிடையாதாம்.

ஆகவே, வருடா வருடம் கேக் வாங்கும் பொறுப்பு அப்பாவிடம் வந்து சேர்ந்தது. ஒரு வருடம் கேக்கில் யாரோ ஒரு பையனின் பெயர் இருந்தது. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, அந்தப் பெயரைக் கத்தியால் வழித்து எடுத்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாயசம் கொண்டுவந்து, குழந்தையின் பர்த்டேயைக்கூட விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும்படி அப்படி என்ன ஐஸ் அது என்று விசாரித்தாள். அப்பா ரொம்ப முக்கியமான ஐஸ் என்றார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் நாலாவது படிக்கும்போது, பெற்றோர்கள் வகுப்புக்கு வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அம்மாவின் பனியாறு ஒரு ஊர் அளவுக்குப் பெரியது என்று நான் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த வரையில் அது பொய்யில்லை. அத்தனை தூரம் போகிறாளே, சின்னதாகவா இருக்கும்?

அம்மா முதலில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினாள். செங்குத்தான பாறைச்சுவருக்குக் கீழே பள்ளம் முழுக்கப் பனி. அதன்மேல் தொப்பி வைத்த மனிதர்கள் எறும்புகளைப் போல் நின்றார்கள். வகுப்பு வாயடைத்துப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, அதே இடத்திலிருந்து தான் எடுத்த படத்தைக் காட்டினாள். பள்ளம் முழுக்கச் சாம்பல் நிறக் கற்கள். பாறையின் நிழலில் மட்டும் அழுக்குத் துணியைப் போட்டதுபோல் ஒரு திட்டு. க்ளேசியர் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். அம்மா அந்தத் திட்டைக் காட்டினாள்.

"தட்ஸ் இட்?" என்றான். வகுப்பே சிரித்தது.

திரும்பும்போது காரில் நான் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன். அலாஸ்காவில் பெரிய பெரிய க்ளேசியர்கள் இருக்கும்போது இவளுக்கு ஏன் இது? அம்மா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பெரிசைப் பாக்க நெறைய பேர் இருக்காங்கடி. இது பாவம், பாறை நெழல்ல ஒண்டிக்கிட்டு எப்படியோ தாக்குப்பிடிக்குது. இன்னும் கொஞ்சம் கொஞ்சம் நகருது. நகர்ற வரைக்கும்தான் அது பனியாறு. நின்னுடுச்சுன்னா வெறும் ஐஸ்தான்."

"ஸோ, எப்ப நிக்கும்?" என்றேன், ஆவலோடு.

சிக்னலில் பச்சை விழுந்ததும் பின்னாலிருந்தவன் ஹார்ன் அடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த செப்டம்பரிலும் போனாள். கோபத்தில் நான் ஏர்போர்ட்டுக்குக்கூட வரமாட்டேன் என்றுவிட்டேன். ஆனால் என் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கராஜில் அவளுடைய மலைபூட்ஸ் சேறோடு கிடந்தது. நான் கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அம்மா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"அளந்ததுல எதாவது தப்பு இருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். கம்பெல்லாம் சாஞ்சு கெடக்கு. ஒண்ணுகூட நகரல. ரெண்டு மூணு வருஷமாவே சந்தேகம்தான்."

"அப்ப நெக்ஸ்ட் இயர் போக மாட்டியா?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"போக வேண்டியதில்ல" என்றாள் அம்மா.

மறுநாள் எங்கள் ஹாலில் இடமில்லை. தோழிகள், அவர்களுடைய அம்மா அப்பாக்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி. கேக்கில் என் பெயரே இருந்தது. மெழுகுவத்தியை ஊதுவதற்கு முன்னால் நாற்காலியில் ஏறி நின்று, எல்லோரும் கேட்கும்படி ஒரு குட் நியூஸ் இருக்கிறது என்றேன்.

"அம்மாவோட க்ளேசியர் நின்னுடுச்சு!"

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா மட்டும் என்னை இறங்கச் சொல்லிச் சைகை காட்டினார். அம்மாவும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும், என்னைப் பார்த்தபடியே, இன்னும் கொஞ்சம் தட்டினாள். அந்தக் கூட்டத்திலேயே அவளுக்குத்தான் சந்தோஷம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு, நான் மெழுகுவத்திகளை ஒரே மூச்சில் ஊதினேன்.