மட்கார்டு சத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் போதும், தையல்காரர் வீட்டு முன்னறையில் சைக்கிள் தலைகீழாக நிற்கும். அடியில் பழைய போர்வை, பக்கத்தில் ஸ்பேனர், தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி, துணியில் கோடு போடும் சாக்கட்டி. பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்கு ஒரு நூலிழை தள்ளிச் சாக்கட்டியைப் பிடிப்பார். சக்கரம் எங்கே கோணியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைத் தீற்றல் விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியை அரைத் திருகு இறுக்குவார். எங்கள் சட்டைக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டு அளவு பார்த்ததில்லை என்று வாடிக்கைக்காரர்கள் குறைப்படுவதுண்டு. அதில் உண்மையும் உண்டு.

சைக்கிள் அவருடையதல்ல. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவியுடையது. மகள் பிறந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்கவேண்டி வந்தது. கடைத்தெருவில் இருந்த மெஷினை அவர்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தார். நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும் என்று தொட்டிலை ஆட்டினார்.

அந்த நாட்களில்தான் பின் மட்கார்டின் நட்டு ஒன்று தளர்ந்தது. மனைவி வேலை முடிந்து தெருமுனை திரும்பியதுமே கடகடவென்று சத்தம். தொட்டிலில் கிடந்த மகள் அதைக் கேட்டுக் காலை உதைத்துச் சிரித்தாள். அவர் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். அவள் செருப்பைக் கழற்றி முகம் கழுவி வருவதற்கும் டீ கொதிப்பதற்கும் சரியாக இருந்தது. அந்த ஞாயிறு எல்லா நட்டையும் இறுக்கியவர் அதை மட்டும் விட்டுவிட்டார்.

"எல்லாத்தையும் பாக்கறீங்க, இந்த மட்கார்டு மட்டும் உங்க கண்ணுல படாதா?"

"அது அப்படியே இருக்கட்டும். கை வெக்காத."

இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சத்தமும் டீயும் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பழைய சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இந்த வருஷம் அந்தச் சத்தம் தேய ஆரம்பித்தது. துருப்பிடித்து நட்டு இறுகிவிட்டது என்று நினைத்தார். ஒரு ஞாயிறு அரைச் சுற்று தளர்த்தினார். போதவில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் அரைச் சுற்று. அப்படியும் அவள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அடுப்படிக்கு ஓட முடிந்தது. குற்றம் நட்டின் மேல்தான் என்பதில் மனிதருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மட்கார்டைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கடைத்தெரு நடுவுல கழண்டு விழுந்துச்சு. ஒரு மாசமா தெருவே காதைப் பொத்திக்குது. என்னைக் கண்டா நாய்கூட ஓடுது. என்னதாங்க பண்றீங்க இதை?"

"சத்தமா? சத்தமே வரலையேம்மா."

அவள் முகம் மாறியது. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். சட்டை போட்டுப் பார்க்கும் கண்ணாடியில் அவள் விரல்கள் சொடுக்குப் போடுவது தெரிந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தனை நாளா?" அவர் முன்னால் வந்து கேட்டாள்.

"நட்டுதான்னு நெனச்சேன்." அவர் மட்கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நீ வர்றது இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

இருபத்தாறு வருஷமாகக் கேட்ட கேள்விக்கு அவளுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. வருகிற வாரம் காது டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் சொன்னாள். அன்று டீயை அவளே போட்டாள்.

மறுநாள் காலை மட்கார்டைப் பூட்டி, வாஷர் போட்டு, நட்டை முழுசாக இறுக்கினார். அவள் சத்தமில்லாமல் வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. தெருக்கோடி வீடு அவர்களுடையது. ஜன்னல் தெருவையே பார்த்திருக்கும். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழுந்தது. ஆடியது, பெரிதானது. திரும்பிப் பார்த்தார். அவள் வந்துகொண்டிருந்தாள்.

எழுந்து போய் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். டைனமோ விளக்கு ரோட்டைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பேனரைத் தொட்டே அறியாத கை செய்த வேலை. நட்டின் முனையெல்லாம் சிராய்ப்பு.

"லைட்டு கோணலா இருக்கே. குடு, சரி பண்ணிடறேன்."

"அது அப்படியே இருக்கட்டும்," என்றாள் அவர் முகத்துக்கு நேராக. "கை வெக்காதீங்க."