சால்வையோடு வில்லியனூர் போனது

மாலை நான்கு மணிக்குக் கரியமாணிக்கத்தில் பஸ் ஏறினேன். காலையிலிருந்து கரும்பு லோடு ஏற்றிய உடம்பு. குளித்தும், தோகை கீறிய இடம் எரிந்தது. ஏம்பலம் வழியாக வில்லியனூர் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் பதினைந்து ரூபாய். ஏம்பலம் வரை நின்றேன். அப்புறம் இடம் கிடைத்தது, தூங்கிவிட்டேன்.

போன காரணம் என் மகள் ஸ்டெல்லா. வில்லியனூரில் ஒரு இசை வகுப்பில் மூன்று வருஷமாகச் செல்லோ வாசிக்கிறாள். வயலின் ஜாதிதான், ஆனால் பெரியது. உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இந்த மாதம் காலேஜ் முடிகிறது, வகுப்பையும் நிறுத்து என்றேன். அவள் சண்டை போடவில்லை.

"ஒரே ஒரு தபா வந்து கேளுப்பா. அப்பறமும் நிறுத்துன்னா நிறுத்திடறேன்."

வில்லியனூரில் இறங்கி டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். பக்கத்துக் கடையில் ஒரு சால்வை வாங்கினேன், நூற்றிருபது. எங்கள் பக்கம் கல்யாண மேளமோ சாவு மேளமோ, நன்றாக வாசித்தால் கை நிறுத்தின உடனே எழுந்து போய்ப் போர்த்துவோம். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை.

வகுப்பின் கூடம் சின்னது. அறுபது நாற்காலி இருக்கும். மைக் இல்லை. ஐந்தரைக்கு நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் வயலின், ஒருவர் அதைவிடக் கொஞ்சம் பெரிய வயலின், ஓரத்தில் ஸ்டெல்லா. பாட ஆள் கிடையாது. யாரும் தாளம் போடவில்லை. சத்தம் வரும் என்று ஃபேனைக்கூட நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கண் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மற்ற மூன்று பேரும் அடங்கி, அவள் மட்டும் வாசித்தாள். அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி. நாற்காலிக் கால் வழியாக என் உடம்புக்குள் வந்தது. வாசிப்பு நின்றது. யாரும் கை தட்டவில்லை. இவ்வளவு வாசித்த பிள்ளைக்கு ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லையே என்று நான் எழுந்தேன். நேரே போய்ச் சால்வையைப் போர்த்தினேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு பாகம் கீதுப்பா. போய் குந்து."

சால்வையை அவள் எடுக்கவில்லை. தோளில் இருக்கும்போதே வாசித்தாள். கைக்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழு மணிக்கு முடிந்தது. அப்போதுதான் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் வெளியே வந்தாள்.

"எப்டிப்பா இருந்துச்சு?"

"ஒண்ணும் புரியல."

"அப்ப நிறுத்திடட்டா?"

"அந்த வாத்தியப் பொட்டி எங்க?"

"உள்ளதான். இங்கியே வெச்சிட்டுத்தான வருவேன்."

"எடுத்துனு வா."

கரும்புக் கட்டைவிட எடை குறைவு. எங்கே பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. பஸ் படியில் கண்டக்டர் மறித்தார்.

"இன்னாண்ணே, உள்ள ஆள வெச்சு மூடிட்டியா?"

"வாத்தியம்."

"ஒரு சீட்டு அடைக்குமே."

"அதுக்கும் சேத்துப் போடு. கரியமாணிக்கம் மூணு."

ஸ்டெல்லா சால்வையை மடித்துப் பெட்டிக்கு அடியில், ஆடாமல் இருக்க, முட்டுக் கொடுத்தாள்.

வகுப்புக் கூடத்தில் தரை காய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டில் மழைக்கு ஒழுகாத மூலை ஒன்றுதான். அங்கே என் கட்டில் கிடக்கிறது. காலையில் லோடுக்குப் போவதற்கு முன்னால் பெட்டிக்காகக் கட்டிலை நகர்த்த வேண்டும்.