பச்சைக்கு ஏறிய முள்

மூச்சை ஊதி அளக்கிற மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குழாய். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, வாயை இறுக்கி வைத்து, ஒரே தம்மில் ஊத வேண்டும். பக்கத்தில் இருக்கும் முள் ஏறி நிற்கும். மேலே பச்சை, நடுவில் மஞ்சள், அடியில் சிவப்பு. மூன்று முறை ஊதி, அதிகமாக வந்ததை டாக்டருக்கு போனில் அனுப்ப வேண்டும்.

அதை முதன்முதலாக மில்லுக்குக் கொண்டுபோனபோது, மல்லி அரைக்க வந்திருந்த அக்கா ஒருவர், "ஏனுங், தேர்க்கடையில பீப்பீ வாங்குனீங்களா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முகமெல்லாம் ராகி மாவோடு நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மாவு மில் வைத்திருக்கிறேன். வைத்திருந்தேன் என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. கல்யாணம் சரிப்படாமல் நான் திரும்பி வந்தபோது, அண்ணன் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் தன் வீட்டில் எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தார். தங்கமான மனிதர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த அறையில் போய் உட்கார்ந்தால் காலத்துக்கும் நான் வாழாமல் வந்த தங்கச்சிதான் என்று தெரிந்தது. அதனால்தான் மூடிக் கிடந்த அந்த மில்லை வாடகைக்குப் பிடித்தேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெல்ட் மாட்டவும் சல்லடை மாற்றவும் கற்றுக்கொண்டேன். மிளகாய் அரைத்த கையோடு கோதுமையைக் கொட்டினால் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால், எதற்குப் பின் எதை அரைப்பது என்று முறை வைத்தேன். ஊரில் என்னை மில்லுக்காரம்மா என்றார்கள். யாருடைய பெண்டாட்டி, யாருடைய தங்கச்சி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு நெஞ்சில் விசில் சத்தம் வந்தது. மாவுத்தூசிதான் காரணமா என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் மில்லில் வேலை செய்துகொண்டே ஊத வேண்டும், பிறகு கொஞ்ச நாள் மில் பக்கமே போகாமல் வேறு இடத்தில் இருந்துகொண்டு ஊத வேண்டும். மில்லில் ஊதியபோது முள் மஞ்சளைத் தாண்டவே இல்லை. வாரம் முழுக்க அரைத்து முடித்த சனிக்கிழமைகளில் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. வேறு இடம் என்று எனக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். மில்லைப் பூட்டி, சாவியைப் பக்கத்துத் தையல் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

ஏறக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் ஊதினேன். இங்கேயும் மஞ்சளிலேயே நின்றால் குற்றம் தூசி மேல் இல்லை, வேறு ஏதோ ஒன்றின் மேல் என்று ஆகிவிடும், நான் என் ஊருக்கு பஸ் ஏறலாம். முள்ளுக்கு என் வேண்டுதல் கேட்கவில்லை. நாளுக்கு நாள் ஏறியது. தம்மைக் குறைத்து ஊதலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் பக்கத்திலேயே அண்ணன் நிற்பார். "இன்னும் தம் புடி கண்ணு, அப்படித்தான், விடு" என்று கபடி ஆட விட்டவர் மாதிரி உற்சாகப்படுத்துவார். ஒருநாள் முள் பச்சைக்குள் போய் நின்றது. அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்து பார்த்தார். "பாத்தீங்களா அம்மணி, நம்மூட்டுச் சாப்பாடு!" என்று அவருக்கு ஒரே பெருமை. அண்ணன் அதை போட்டோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன.

அந்த வீட்டில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. தட்டைக்கூடக் கழுவ விடமாட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் தூசி வரும் என்று மூடிவிடுவார்கள். பால்கனிக்கு எழுந்து போனால், "எங்க கண்ணு போறே?" என்று குரல் வரும். லிஃப்டில் கீழே இறங்கினால் கேட்டில் வாட்ச்மேன், "சார்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணி, "எங்க நாத்தனாருங்க, ஒடம்பு சரியில்லாம வந்திருக்குது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். எனக்கு அங்கே மூச்சு முட்டியது. மீட்டரில் மட்டும் அது பச்சையாக வந்துகொண்டிருந்தது. யாரிடம் போய் இதைச் சொல்வது?

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலையில் என் துணிப்பையைக் கட்டி எடுத்துவந்து டிக்கியில் வைத்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே ஊரில் கொண்டுபோய் விடச் சொல்லியிருந்தேன். அண்ணனும் தலையை ஆட்டியிருந்தார்.

டாக்டர் போனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாவுத்தூசிதான் என்றார். மெஷினை வேறு ஆளை வைத்து ஓட்டி, நான் முன்னால் தனியாக உட்கார்ந்து, தூசியை வெளியே இழுக்க ஃபேன் போட்டால் ஆகுமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். "தூசியை விட்டு விலகறதுதான் நல்லது. வேற வழியே இல்லைன்னா செஞ்சு பாக்கலாம்மா. தினமும் ஊதிப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். அந்த ஒரு வரி போதும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அதெல்லாம் வேண்டாமுங் டாக்டர். இனி எங்கூடயே இருக்கட்டும்" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு டாக்டர் மருந்து விவரத்தையெல்லாம் அண்ணனைப் பார்த்தே சொன்னார்.

அவிநாசி ரோட்டில் நேராகப் போக வேண்டிய கார், அண்ணன் வீட்டுக்குப் போகிற காளப்பட்டி ரோட்டில் திரும்பியது. "அண்ணா, ஊருக்குப் போகோணுமுங்" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். "மில்லை வேற ஒருத்தர் வாடகைக்குக் கேட்டாருங் கண்ணு. தையக்கடைக்காரர்கிட்டச் சொல்லிச் சாவியைக் குடுக்கச் சொல்லிப்போட்டேன். உன்ற சாமானெல்லாம் அடுத்த வாரம் வேன்ல வந்துரும். உசுரு முக்கியமா, மில்லு முக்கியமா?"

 

வழியில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தி, இரண்டு டீ சொன்னார். என் முகத்தைப் பார்த்தவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். காரிலிருந்து மீட்டரை எடுத்துவந்து நீட்டினார். "ஒருக்கா ஊது கண்ணு. அண்ணிக்கு போட்டோ அனுப்பலாம். சந்தோசப்படும்."

பேக்கரி வாசலில் நின்று, மூச்சை இழுத்தேன். உள்ளே அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தது. ஊதினேன். முள் சடக்கென்று ஏறி, பச்சைக்கும் மேலே, குழாயின் முனையில் போய் இடித்து நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியா! இதுவரைக்கும் இந்தளவுக்கு வந்ததே இல்ல! எப்படி ஊதுனே?" என்றார் அண்ணன்.

"மூச்சில்லீங்ணா, கோவம்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, நான் ஏறுவதற்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.