கொழும்பில் போட்ட கொப்பு

போன மாதம் கொழும்பு நகரத்தில் ஒரு பஸ்ஸை நாங்கள் வழி மாற்றி அனுப்பிவிட்டோம். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அனுப்பிவிட்டோம்.

நாங்கள் என்றால்… நான், கொல்லிமலை திருப்புலி நாட்டில் மிளகு போடுகிற சடையண்ணன், அவர் சம்சாரம் காளியாயி. மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். சந்தைக்கு இறங்கினால் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போகமாட்டார்கள். அவர்கள் மகளுக்குக் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் பொன்னன் கொழும்பில் மூட்டை தூக்குகிறான். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. மாமன் வந்து நிற்காமல் பெண்ணைப் பந்தலில் உட்கார வைப்பதாவது? அவனைத் தேடி நாங்கள் கொழும்பில் இறங்கியபோது முகூர்த்தத்துக்கு நாலே நாள். அன்று சாயங்காலம் ஊர் திரும்பும் மெயில் ரயிலை விட்டால் தீர்ந்தது கதை.

துணைக்கு என்னை ஏன் அழைத்தார்கள்? எனக்கு இங்கிலீஷ் தெரியும், பஸ் தெரியும். அப்படித்தான் நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

பழைய விலாசத்தில் விசாரித்தோம். பொன்னன் வேறு சரக்குக் கிட்டங்கிக்கு மாறிவிட்டானாம். எந்தக் கிட்டங்கி? கடல் பக்கமாக எங்கேயோ என்று கையைக் காட்டினார்கள். அந்தப் பக்கம் பார்த்தால் தெருவுக்குத் தெரு கிட்டங்கி!

போர்டைப் படித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினேன். இறங்கினால் எதிரே மணிக்கூண்டு. வேறு பஸ்… மறுபடியும் மணிக்கூண்டு. மூன்றாவது பஸ்ஸில் காளியாயி முன்கூட்டியே மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார் — மணிக்கூண்டு வரப்போகிறதென்று. வந்தது.

"ஏனுங்க, இந்த ஊருல எத்தன மணிக்கூண்டுங்க?" என்றார் சடையண்ணன், உண்மையான மரியாதையோடு.

"ஒண்ணுதானுங்கண்ணா."

"அப்ப நடந்தே போயிப் பாத்தர்லாமுங்க."

நடந்தோம், ஒருவர் பின் ஒருவராக. மலையில் எல்லாம் ஒற்றையடிப் பாதை. சேர்ந்தாற்போல் நடப்பது அவர்களுக்கு வராது. அத்தனை அகலமான ரோட்டில் முன்னால் அவர், பின்னால் அந்த அம்மாள், நடுவில் நான். பார்த்தவர்கள் என்னை ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

முதல் முச்சந்தியில் சடையண்ணன் நின்றார். வேலியிலிருந்து ஒரு கொப்பை ஒடித்து, நாங்கள் போகாத ரோட்டின் குறுக்கே போட்டார். மலையில் அதுதான் வழக்கம். இந்த வழியில் நாங்கள் போகவில்லை என்று பின்னால் வருகிறவருக்குத் தகவல். கடைசியாக வருகிறவர் கொப்புகளை எடுத்துவிட வேண்டும்.

"இங்க நமக்குப் பொறத்தாண்ட ஆருங்கண்ணா வரப்போறாங்க?" என்றேன்.

"ஆராச்சும் வருவாங்கல்லங்க."

முச்சந்திக்கு முச்சந்தி கொப்பு விழுந்துகொண்டே வந்தது. நாலாவது முச்சந்தியில்தான் அந்த பஸ் வந்தது. ரோட்டில் கொப்பு கிடந்தால் டிரைவர் என்ன நினைப்பார்? முன்னால் ரோடு வெட்டியிருக்கிறது என்றுதானே? கண்டக்டர் இறங்கினார், கொப்பைச் சுற்றிப் பார்த்தார், விசில் ஊதினார். பஸ் பக்கத்துத் தெருவில் திரும்பிற்று. அதை நம்பி, பின்னால் வந்த துரையின் காரும் திரும்பிற்று. பஸ்ஸுக்குள் யாரோ தம் ஆபீஸ் இந்த ரோட்டில்தான் இருக்கிறது என்று கத்திக்கொண்டே போனார்.

நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிக்க ஆரம்பித்தேன். சிங்களத்தில் இருந்தது. முழுவதும் படித்தேன்.

மணி மூன்று. எந்தக் கிட்டங்கியிலும் பொன்னன் இல்லை. காளியாயி ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி இல்லாம எம் புள்ளைய எப்படிங்க பந்தல்ல உக்கார வெப்பேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. காலை நேரம் பூராவையும் மூன்று பஸ்ஸில் வீணாக்கியது யார்?

அப்போது தெருமுனையில் ஓர் ஆள் ஓடி வந்தான். தோளில் வெறும் சாக்கு, உடம்பெல்லாம் வேர்வை, கை நிறையக் கொப்பு.

"ஆருங்க அது, நம்ம மலை ஆளு?" என்று கேட்டவன், படியைப் பார்த்ததும் அப்படியே நின்றான். "அக்கா…"

சாட்சாத் பொன்னன்தான். மூட்டையோடு போனவன் முச்சந்தியில் கொப்பைப் பார்த்திருக்கிறான். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, கொப்பு கிடக்காத ரோடாகப் பார்த்து ஓடி வந்திருக்கிறான். கடைசியாக வருகிறவன் அல்லவா? ஒவ்வொரு கொப்பாக எடுத்துக்கொண்டே வந்தானாம்.

காளியாயி அவன் முதுகில் ஓர் அறை வைத்தார். பிறகு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு காயிதம் போட்டா என்ன சாமி?" என் கண்ணிலும் தண்ணீர்தான்; மறைப்பானேன்?

கிட்டங்கியில் சொல்லிவிட்டு, பொன்னன் தன் பெட்டியை எடுத்துவருவதற்குள் மெயிலுக்கு நேரம் நெருங்கிவிட்டது. "ஸ்டேஷனுக்கு பஸ் இருக்குதுங்க," என்றேன். பழக்க தோஷம். பஸ்ஸும் வந்து நின்றது. நான் ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன்.

சடையண்ணன் மைத்துனன் கையிலிருந்து ஒரு கொப்பை மட்டும் உருவினார்.

நடந்தே போனோம். மெயிலைப் பிடித்தோம். மாமன் வந்து நிற்க, கல்யாணமும் ஜோராக நடந்தது.

அந்தக் கடைசிக் கொப்பை எங்கே போட்டார் என்கிறீர்களா? என் காலுக்குக் குறுக்கேதான்.