கழித்துப் போட்ட வெளிச்சம்

போன தை மாதம், போகிப் புகையெல்லாம் அடங்கிய ஒரு சனிக்கிழமை. அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் கேமராவோடு நின்றிருந்தேன்.

வானத்தைப் படமெடுப்பது என் கிறுக்கு. "ஏலகிரிக்குப் போ, இங்கே ஒரு மண்ணும் தெரியாது" என்பார்கள். படுக்கையில் இருக்கும் அப்பாவை விட்டு எங்கே போவது? நம் பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடா இந்த முறையும் படத்தில் சிக்காவிட்டால் கேமராவை விற்றுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

பின்வீட்டு அண்ணனின் எல்.இ.டி. விளக்கு கண்ணைக் குத்தியது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"லைட்ட அணைச்சா எவனாவது மோட்டாரத் தூக்கிகினு பூடுவாம்மா" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "சரி, நீ எடு. நான் இங்கயே குந்திகினு கீறேன்" என்றார். எனக்காகக் கொசுக்கடியில், இருட்டில் காவல் இருந்தார்.

மறுநாள் மதியம் கணினியைத் திறந்தால் படம் முழுக்கத் தக்காளி ரசம் ஊற்றினாற்போல ஊர் வெளிச்சம். அதை நீக்க ஒரு மென்பொருள் உண்டு. வெறும் வானம் மட்டும் இருக்கும் இடங்களில் புள்ளி வைத்தால், அங்குள்ள வெளிச்சத்தைக் கணக்கிட்டு மொத்தப் படத்திலிருந்தும் கழித்துவிடும். மங்கலாகத் தெரிந்த இடத்திலெல்லாம் தாராளமாகப் புள்ளி வைத்தேன். வானம் கறுத்தது. ஆனால் நடுவில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்றுதான் மிஞ்சியது. அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். "இன்னாம்மா, ஆப்ட்டுச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பேச்சை மாற்ற, நம் ஊர் வெளிச்சம் எவ்வளவு என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, மென்பொருள் கழித்த வெளிச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் தனிப் படத்தைத் திறந்தேன். ஒரே ஆரஞ்சுக் கலங்கல்.

"நடுவுல இன்னாமோ சாஞ்சாப்ல கீதே?"

உற்றுப் பார்த்தேன். சாய்ந்து, நீண்டு, படத்தின் பாதி அகலத்துக்குப் பரவியிருந்தது ஆண்ட்ரோமெடா. நான் வைத்த புள்ளிகள் அதன் மேலேயே விழுந்திருந்தன. தெருவிளக்கு என்று நினைத்து அதைத்தான் கழித்திருக்கிறேன்!

புள்ளிகளை ஓரத்துக்கு நகர்த்தி மறுபடி ஓட்டினேன். கலங்கல் போனது. அது மட்டும் அப்படியே நின்றது.

"எம்மாந்தூரம்மா இது?"

"வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆகுதுண்ணா."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாந்தூரம் நம்ம ஏரியாவத் தேடிகினு வந்துகீது. அத்தப் போயி குப்பையில போட்டியே."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது அடங்கவே இல்லை. கேமராவை விற்கவில்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம், நான் கேட்காமலே பின்வீட்டு விளக்கு அணைகிறது. இங்கே ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால், எங்கள் ஊர்ப் புழுதிக்கும் விளக்குக்கும் நடுவே அந்த வெளிச்சம் எப்போதும் வந்து விழுந்துகொண்டுதான் இருந்தது, கழித்துப் போட்டது நான்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.